ஒரே இருமல், மூன்று மருத்துவர்கள்: ஆன்டிபயாடிக் விஷயத்தில் நான் பட்டதும் தெரிந்துகொண்டதும்

சாதாரண இருமலாகத் தொடங்கிய ஒன்று என்னைப் பல வாரங்கள் முடக்கிப் போட்டது. முடக்கியது இருமல் அல்ல, அதற்குக் கொடுத்த மருந்து. ஒரே உடம்பு, ஒரே நோய்தான். ஆனால் பார்த்த மருத்துவர்கள் ஆளுக்கொரு முடிவு எடுத்தார்கள். ஒருவர், பாக்டீரியாவை மட்டுமே தாக்குகிற ஆன்டிபயாடிக் மருந்து வேண்டவே வேண்டாம் என்றார், அடுத்தவர் உட்காரும் முன்பே எழுதினார், அதற்கடுத்தவர் அதையும் விடப் பெரிதாக ஒன்றை எழுதினார். தனியாக இருப்பவர்களுக்கு இந்த மாதிரி நேரத்தில் கூட உட்கார்ந்து பேச ஆள் கிடையாது. காய்ச்சலில் கனக்கிற தலையோடு, யார் சொல்வது சரி என்று நாமே தீர்மானிக்க வேண்டியிருக்கிறது. அப்படி நான் தவித்தபோது ஒருவராவது இதையெல்லாம் சொல்லியிருந்தால் எவ்வளவோ மிஞ்சியிருக்கும். அதனால்தான் நீளமாக இருந்தாலும் முழுசாக எழுதுகிறேன்.

முதலில் பார்த்த மருத்துவர் அதிகம் பேசாதவர். முதுகில் பல இடங்களில் ஸ்டெதாஸ்கோப் வைத்துக் கேட்டார், மூச்சை எண்ணினார், விரலில் கருவி மாட்டி ஆக்சிஜன் பார்த்தார், தொண்டையைப் பார்த்தார், வேறு நோய் உண்டா, என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறேன் என்று கேட்டார். பிறகு, "நுரையீரல் சுத்தமா இருக்கு. இது வைரஸால வந்த மூச்சுக்குழாய் அழற்சி. ஆன்டிபயாடிக் இதுக்கு வேலை செய்யாது. இருமல் மூணு வாரம் வரைக்கும் கூட இருக்கும், பயப்படாதீங்க. மூச்சு வாங்கினாலோ, காய்ச்சல் திரும்ப ஏறினாலோ உடனே வாங்க" என்றார். காய்ச்சலுக்கு மட்டும் மாத்திரை எழுதிக் கொடுத்தார். வெளியே வரும்போது எனக்கு அழுகை வராத குறை. இரவெல்லாம் இருமி விலா எலும்பு வலிக்கிறது, இவர் ஒன்றுமே கொடுக்காமல் அனுப்புகிறாரே என்ற ஆற்றாமை. வேலைக்கு லீவு போட்டு, வரிசையில் காத்திருந்து, கட்டணம் கட்டி வாங்கி வந்தது இந்த ஒரு வாக்கியம்தானா என்று தோன்றியது.

இன்று நினைத்தால், எல்லாரையும் விட அதிகம் வேலை செய்தவர் அவர்தான். நிமோனியா இல்லை என்று உறுதி செய்வதற்குத் தேவையானதை எல்லாம் பார்த்தார். எத்தனை நாள் இருமல் நீடிக்கும் என்று சொன்ன ஒரே மருத்துவரும் அவரே. இந்த ஒரு தகவலின் மதிப்பு எனக்குப் பிறகுதான் புரிந்தது. 2013-இல் வந்த ஓர் ஆய்வில், சளி இருமல் எத்தனை நாள் இருக்கும் என்று பொதுமக்களைக் கேட்டபோது பெரும்பாலும் 7 முதல் 9 நாள் என்றார்கள். நோயாளிகளைப் பின்தொடர்ந்த பழைய ஆய்வுகளைக் கூட்டிப் பார்த்தால் உண்மையான சராசரி சுமார் 18 நாள். நாம் எதிர்பார்ப்பதற்கும் உடம்பு எடுத்துக்கொள்வதற்கும் நடுவே இருக்கிற அந்த ஒன்றரை வாரத்தில்தான் பெரும்பாலோர் இன்னொரு மருத்துவரைத் தேடிப் போகிறோம். நானும் சரியாக அந்த இடைவெளியில்தான் போனேன். அதனால் யாரிடம் போனாலும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, "இது தானாகக் குணமாவதாக இருந்தால் எத்தனை நாள் ஆகும்?" என்பதுதான். அந்தக் கெடு தெரிந்தால் பாதி பயம் அடங்கிவிடும்.

சளி மஞ்சளாகி, பிறகு பச்சையானதும் எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. முதல் மருத்துவர் அன்று இல்லை. சாயங்காலம் வேறொரு இடத்துக்குப் போனேன், உட்கார இடமில்லாத கூட்டம். உள்ளே போனதும் மருத்துவர் கேட்டது, "சளி என்ன கலர்?" பச்சை என்றேன். "இன்ஃபெக்‌ஷன் ஆயிடுச்சு" என்று சொல்லிக்கொண்டே எழுத ஆரம்பித்துவிட்டார். அசித்ரோமைசின் என்ற ஆன்டிபயாடிக், கூடவே வயிறு எரியாமல் இருக்க அமிலம் குறைக்கும் மாத்திரை ஒன்று. நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப் வைக்கவில்லை. எனக்கோ அன்று அவ்வளவு நிம்மதி. என் வேதனையை ஒருவர் நம்பினார் என்ற நிம்மதி. இந்த உணர்வை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன், நோயில் கிடக்கிறவருக்கு அது பெரிய விஷயம். ஆனால் அந்த நிம்மதிக்கும் மருந்து சரியானதா என்பதற்கும் தொடர்பில்லை.

சளியின் நிறத்தைப் பற்றி நன்றாகத் தெரிந்துகொள்ளுங்கள். கிருமியை எதிர்க்க வருகிற வெள்ளை அணுக்களில் பச்சை நிற நொதி ஒன்று இருக்கிறது. அவை சளியில் கலக்கும்போது அது மஞ்சளாகவும் பச்சையாகவும் மாறுகிறது. வைரஸ் வந்தாலும் மாறும், பாக்டீரியா வந்தாலும் மாறும். ஏற்கெனவே நுரையீரல் நோய் உள்ளவர்களுக்கு நிறமாற்றம் முக்கியமான அறிகுறியாகலாம். மற்றபடி ஆரோக்கியமாக இருப்பவருக்கு வந்த சாதாரண இருமலில், நிறத்தை மட்டும் வைத்து ஆன்டிபயாடிக் தேவை என்று சொல்ல முடியாது.

மாத்திரை தொடங்கியதும் கொஞ்சம் தேவலை போல இருந்தது. நோய் தானே இறங்குகிற கட்டத்தில் எந்த மருந்து சாப்பிட்டாலும் அந்த மருந்துக்குத்தான் பெயர் போகும். பிறகு ஒரு இரவு இருமல் மறுபடி வலுத்தது, வேலைக்குத் திரும்ப வேண்டிய நெருக்கடியும் சேர்ந்துகொண்டது. மூன்றாவது மருத்துவரைப் பார்த்தேன். அவர் பழைய சீட்டைப் பார்த்துவிட்டு, "இது உங்களுக்குப் பத்தல. கொஞ்சம் ஸ்ட்ராங்கா தர்றேன்" என்று லெவோஃபிளாக்சசின் என்ற இன்னோர் ஆன்டிபயாடிக்கை எழுதினார். முந்தைய மருந்து கேட்கவில்லை என்றால் இது பாக்டீரியாவே இல்லையோ என்கிற கேள்வி அந்த அறையில் எழவே இல்லை. எக்ஸ்ரேயும் இல்லை, ரத்தப் பரிசோதனையும் இல்லை.

'ஸ்ட்ராங்' என்ற பேச்சைக் கேட்டால் கொஞ்சம் நிதானியுங்கள். ஆன்டிபயாடிக்குகளில் ஒவ்வொன்றும் தாக்குகிற கிருமிகள் வேறு. பெரும்பாலும் ஸ்ட்ராங் என்று சொல்லப்படுவது அதிக வகைக் கிருமிகளைத் தாக்குவதைத்தான். அதாவது குடலில் நமக்கு வேண்டிய பாக்டீரியாக்களையும் சேர்த்து அழிப்பதை. உலக சுகாதார நிறுவனம் 2017 முதல் ஆன்டிபயாடிக்குகளை மூன்று பிரிவாகப் பிரித்து வைத்திருக்கிறது. பொதுவான தொற்றுகளுக்கு முதலில் தரக்கூடியவை ஒரு பிரிவு, அமாக்சிசிலின், டாக்சிசைக்ளின் போன்றவை அதில் வரும். மருந்தை எதிர்க்கும் திறனைக் கிருமிகளிடம் வளர்க்கும் ஆபத்து கூடுதலாக இருப்பதால் கவனித்துத் தர வேண்டியவை இரண்டாவது. வேறு எதுவும் கேட்காதபோது கடைசியாக எடுக்க ஒதுக்கி வைத்தவை மூன்றாவது. எனக்கு அடுத்தடுத்துக் கொடுக்கப்பட்ட அசித்ரோமைசினும் லெவோஃபிளாக்சசினும் இரண்டுமே இரண்டாம் பிரிவு. முதல் பிரிவைத் தொடவே இல்லை. லெவோஃபிளாக்சசின் சேர்ந்த குடும்ப மருந்துகளுக்கு, குதிகால் தசைநாண் அறுந்துபோகும் அபாயம் பற்றி 2008-லேயே அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு கடுமையான எச்சரிக்கையை அச்சிட வைத்தது. வேறு வழி இருக்கும்போது சாதாரண மூச்சுக்குழாய் அழற்சிக்கு இவற்றைத் தர வேண்டாம் என்று 2016-இல் அதே அமைப்பு சொன்னது. என் சீட்டு எழுதப்பட்டது அதற்கெல்லாம் எத்தனையோ காலம் கழித்து.

பிறகு நடந்ததைச் சொல்கிறேன். மாத்திரைகள் முடிந்து, இருமலும் ஓய்ந்து, அப்பாடா என்று இருந்த நேரத்தில் வயிற்றுப்போக்கு தொடங்கியது. முதலில் வெளியில் சாப்பிட்டது ஒத்துக்கொள்ளவில்லை என்றுதான் நினைத்தேன். அடுத்த நாள் கழிப்பறையை விட்டு வர முடியவில்லை. வயிற்றை முறுக்கிப் பிழிகிற வலி, மறுபடி காய்ச்சல், எழுந்தால் கண் இருட்டியது. வீட்டில் ஒரு டம்ளர் தண்ணீர் எடுத்துத் தர ஆளில்லை. இரவில் கழிப்பறைத் தரையிலேயே சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தபோது, இங்கேயே மயங்கி விழுந்தால் எப்போது யாருக்குத் தெரியும் என்று பயந்தேன். அந்தப் பயம் இன்றைக்கும் முழுசாகப் போகவில்லை.

மருத்துவமனையில் சேர்ந்ததும் இளம் மருத்துவர் ஒருவர் கேட்ட முதல் கேள்வி: "கடைசி மூணு மாசத்துல ஆன்டிபயாடிக் ஏதாவது எடுத்தீங்களா?" அதுவரை ஆன்டிபயாடிக்கையும் வயிற்றுப்போக்கையும் நான் சேர்த்து யோசித்ததே இல்லை, ஏனென்றால் சீட்டு எழுதிய எவரும் இப்படி ஒன்று வரலாம் என்று சொல்லவில்லை. நல்லவேளையாகக் காலி மாத்திரை அட்டைகள் பைக்குள்ளேயே கிடந்தன, இல்லாவிட்டால் அந்தச் சீட்டுகளின் எழுத்தை வைத்து மருந்தின் பெயரை ஒருவராலும் படித்திருக்க முடியாது. மலப் பரிசோதனையில் குளோஸ்ட்ரிடியாய்டீஸ் டிஃபிசில், சுருக்கமாக சி. டிஃப் என்று தெரிந்தது. ஆன்டிபயாடிக் குடலின் நல்ல பாக்டீரியாக்களை அழித்துவிட்ட இடத்தில் இந்தக் கிருமி பெருகி, நச்சை உண்டாக்கி, பெருங்குடலைப் புண்ணாக்குகிறது. மாத்திரை சாப்பிடும்போதும் வரலாம், முடித்துப் பல வாரம் கழித்தும் வரலாம். அமிலம் குறைக்கும் மாத்திரைகளுக்கும் இந்தத் தொற்றுக்கும் தொடர்பு காணப்பட்டிருக்கிறது, ஆனால் அவை சீட்டில் துணைக்கு வருவது போல வழக்கமாக எழுதப்படுகின்றன. உங்களுக்கு எழுதினால் ஏன் என்று கேளுங்கள்.

இதைக் குணப்படுத்தவும் ஆன்டிபயாடிக்தான் தர வேண்டியிருக்கிறது, வாய்வழியாக வான்கோமைசின். முதல் மருத்துவர் சொன்னபடி விட்டிருந்தால் மேற்கொண்டு ஒரு காசும் ஒரு ஆன்டிபயாடிக்கும் இல்லாமல் போயிருக்க வேண்டிய இருமலுக்காக, சேமிப்பில் பெரும்பகுதி மருத்துவமனைக்கும் மருந்துக்கும் போனது. லீவு தீர்ந்து சம்பளமில்லாத நாட்களும் சேர்ந்தன. உடம்பு இளைத்து, பழைய தெம்பு வர மாதக்கணக்கானது. ஆத்திரம் வந்தது, இன்னும் இருக்கிறது. நோயாளியை இரண்டு நிமிடம் தொட்டுப் பார்க்காமல் எழுதுகிற மருந்து இவ்வளவு தூரம் கொண்டுபோய் விடலாம் என்றால், அந்த இரண்டு நிமிடத்தைக் கேட்டு வாங்குவது நோயாளியின் உரிமை என்றே சொல்வேன்.

படுத்திருந்த நாட்களில் என்னைக் குடைந்த கேள்வி, ஏன் இவ்வளவு வித்தியாசம் என்பதுதான். என் நோய் மாறிக்கொண்டே இருந்ததால் மருத்துவர்களின் முடிவும் மாறியதா? தேடிப் படித்ததில் கிடைத்த பதில் என்னை உலுக்கியது. 2009-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்த ஆய்வு, 13 ஐரோப்பிய நாடுகளில் இருமலோடு பொது மருத்துவரிடம் வந்த 3,402 பேரைப் பின்தொடர்ந்தது. சில இடங்களில் ஆன்டிபயாடிக் பெற்றவர்கள் 20 சதவீதம், சில இடங்களில் கிட்டத்தட்ட 90 சதவீதம். நோயின் கடுமை, வயது, வேறு நோய்கள் எல்லாவற்றையும் கணக்கில் எடுத்த பிறகும் வித்தியாசம் பெரிதாகவே நின்றது. எந்த மருந்து என்பதிலும் அப்படித்தான். ஆன்டிபயாடிக் எழுதப்பட்டவர்களில் அமாக்சிசிலின் பெற்றவர்கள் நார்வேயில் 3 சதவீதம், இங்கிலாந்தில் 83 சதவீதம். இவ்வளவுக்கும் நோயாளிகள் குணமான வேகத்தில் சொல்லிக்கொள்ளும்படியான வேறுபாடு இல்லை. 2013-இல் 12 நாடுகளில் 2,061 பேரில் ஒரு பகுதியினருக்கு அமாக்சிசிலினும் மற்றவர்களுக்கு மருந்தில்லாத வெற்று மாத்திரையும் கொடுத்து ஒப்பிட்டபோதும், நிமோனியா சந்தேகம் இல்லாதவர்களுக்கு மருந்தால் பெரிய பலன் தெரியவில்லை. குமட்டலும் தடிப்பும் வயிற்றுப்போக்கும்தான் கூடுதலாக வந்தன.

அப்படியென்றால் சீட்டைத் தீர்மானிப்பதில் நோய்க்கு வெளியே இருக்கிற காரணங்களுக்கும் பெரிய பங்கு இருக்கிறது. எங்கே படித்தார், கூட வேலை செய்பவர்கள் எப்படி எழுதுகிறார்கள், நிமோனியா ஒன்றைத் தவறவிட்டுவிடுவோமோ என்ற பயம், பரிசோதனை வசதி பக்கத்தில் இருக்கிறதா, வெளியே எத்தனை பேர் காத்திருக்கிறார்கள். 2014-இல் வந்த ஓர் அமெரிக்க ஆய்வில், மருத்துவர் உட்கார்ந்து நோயாளிகளைப் பார்க்கத் தொடங்கிய முதல் மணியிலிருந்து மணிக்கு மணி ஆன்டிபயாடிக் எழுதும் விகிதம் ஏறிக்கொண்டே போனது. களைப்புதான் காரணமாக இருக்கும் என்று கருதினார்கள். அதே ஆண்டு இன்னோர் ஆய்வில், தேவையில்லாமல் ஆன்டிபயாடிக் எழுத மாட்டேன் என்று மருத்துவரே கையெழுத்திட்ட உறுதிமொழியை அவர் படத்தோடு அறையில் ஒட்டியதுமே, தேவையற்ற சீட்டுகள் மற்றவர்களோடு ஒப்பிடுகையில் சுமார் 20 சதவீதப் புள்ளிகள் குறைந்தன. ஒரு காகிதத்தை ஒட்டினால் மாறக்கூடிய முடிவை நாம் எவ்வளவு பெரிய நம்பிக்கையோடு விழுங்குகிறோம் என்று யோசித்துப் பாருங்கள். இன்னொரு காரணம் நம் பக்கத்திலிருந்து வருவது. நோயாளி ஆன்டிபயாடிக் எதிர்பார்க்கிறார் என்று மருத்துவர் நினைத்துவிட்டால் எழுதும் வாய்ப்பு கூடுகிறது. அவர் நினைப்பது சரியாகவே இருக்க வேண்டும் என்பதில்லை. எனவே வாயைத் திறந்து சொல்லிவிடுவது நல்லது: "ஆன்டிபயாடிக் தேவையில்லன்னா எனக்கு வேண்டாம் டாக்டர். பயப்பட ஏதாவது இருக்கான்னு தெரிஞ்சா போதும்." இந்த ஒரு வாக்கியம் எதிரே இருப்பவரின் தோளிலிருந்து ஒரு சுமையை இறக்குவதை நான் பின்னாளில் கண்ணால் பார்த்தேன்.

சீட்டு எழுதிவிட்டால் கேட்க வேண்டியவை சில. இது பாக்டீரியா என்று எதை வைத்துச் சொல்கிறீர்கள்? இப்போது தொடங்காமல் இரண்டு மூன்று நாள் பார்த்தால் ஆபத்து உண்டா? இதைவிடக் குறுகிய வீச்சுள்ள, அதாவது குறைவான வகைக் கிருமிகளை மட்டும் தாக்கும் மருந்து போதுமா? குறைந்தது எத்தனை நாள் சாப்பிட வேண்டும்? இரண்டாவது கேள்விக்கு ஆபத்தில்லை என்று பதில் வந்தால், சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு, மோசமானால் மட்டும் மருந்து வாங்குவதாகப் பேசிக்கொள்ளலாம். தள்ளிவைத்த சீட்டு என்கிற இந்த முறை பல நாடுகளில் நடைமுறையில் இருக்கிறது. அப்படித் தரப்பட்டவர்களில் சுமார் மூன்றில் ஒருவர்தான் கடைசியில் மருந்தைச் சாப்பிட்டார்கள் என்று ஆய்வுகளைத் தொகுத்துச் சொல்லியிருக்கிறார்கள். சில இடங்களில் விரல் நுனி ரத்தத்தில் சி.ஆர்.பி. (உடம்பில் அழற்சி இருந்தால் கூடும் ஒரு புரதம்) அளவை உடனே பார்க்கும் கருவி இருக்கும். சந்தேகமான நிலையில் அது உதவும், எனவே இருக்கிறதா என்று கேட்பதில் தவறில்லை.

பென்சிலின் ஒத்துக்கொள்ளாது என்று உங்கள் பெயரில் எழுதி வைத்திருந்தால் அதையும் ஒருமுறை சரிபார்க்கச் சொல்லுங்கள். சின்ன வயதில் வைரஸ் காய்ச்சலில் வந்த தடிப்பை மருந்தின் மேல் போட்டிருப்பார்கள். முறையாகச் சோதித்தால் இப்படிப்பட்டவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் உண்மையான ஒவ்வாமை இல்லை. ஆனால் அந்த ஒரு வரியால் வாழ்நாள் முழுக்க வீச்சு அதிகமான மருந்துகளே எழுதப்படும். இதை நீங்களாகவே மாத்திரை சாப்பிட்டுச் சோதித்துப் பார்க்கவே கூடாது, மருத்துவர் மேற்பார்வையில்தான் செய்ய வேண்டும்.

என் கதையைப் படித்துவிட்டு ஆன்டிபயாடிக்கே வேண்டாம் என்று யாரும் முடிவெடுத்துவிடக் கூடாது. நிமோனியாவுக்கும், எரிச்சலும் வலியுமாக வருகிற சிறுநீர்த் தொற்றுகள் பலவற்றுக்கும், ரத்தத்தில் பரவிய தொற்றுக்கும் அது உயிர் காக்கிற மருந்து, தாமதித்தால் உயிரே போகலாம். மூச்சு வாங்குதல், மூச்சை இழுத்தால் நெஞ்சில் குத்துதல், சளியில் ரத்தம், குறைந்து மறுபடி ஏறுகிற காய்ச்சல், குழப்பமான பேச்சு, இதெல்லாம் இருந்தால் காத்திருக்காமல் ஓடுங்கள். முதியவர்கள், கைக்குழந்தைகள், கர்ப்பிணிகள், எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்கள் விஷயத்தில் கணக்கே வேறு. சரியான காரணத்துக்குத் தொடங்கிய மருந்தை இணையத்தில் எதையோ படித்துவிட்டுப் பாதியில் நிறுத்தாதீர்கள், நிறுத்துவதாக இருந்தால் எழுதியவரிடமே கேளுங்கள்.

குணமான பிறகு நான் முதல் மருத்துவரிடமே திரும்பிப் போனேன். நடந்ததைச் சொன்னபோது மற்றவர்களை ஒரு வார்த்தை குறை சொல்லாமல் கேட்டார். பின்பு ஒருமுறை தொண்டை வலியோடு போயிருந்தபோது, அவர் எப்படி முடிவெடுக்கிறார் என்று பக்கத்தில் இருந்து பார்த்தேன். தொண்டை வலி பாக்டீரியாவால் வந்திருக்குமா என்று கணிக்க 1981 முதல் மருத்துவர்கள் பயன்படுத்தும் சென்டார் அளவுகோலை அவர் வாய்விட்டே சொல்லிக்கொண்டு பார்த்தார்: காய்ச்சல் உண்டா, இருமல் இல்லாமல் இருக்கிறதா, டான்சிலில் வெள்ளை படிந்திருக்கிறதா, கழுத்தின் முன்பக்கம் நெறி கட்டி வலிக்கிறதா. எனக்கு இருமலும் மூக்கொழுகலும் இருந்தன, வெள்ளையும் இல்லை, நெறியும் இல்லை. "வைரஸ்தான், ஒரு வாரத்துல சரியாகிடும்" என்றார், ஆனது.

சி. டிஃப் வந்தவர்களில் சுமார் ஐந்தில் ஒருவருக்கு அது திரும்பி வருகிறது, இன்னொரு ஆன்டிபயாடிக் எடுத்தால் ஆபத்து கூடுகிறது. அதனால் எனக்கு வந்த தொற்றின் பெயரையும் தேதியையும், எடுத்த மருந்துகளின் பெயரையும் கைப்பேசியிலும் பணப்பையில் ஒரு தாளிலும் வைத்திருக்கிறேன். பல் மருத்துவர் உட்பட யார் சீட்டு எழுதினாலும் முதலில் அதைக் காட்டுகிறேன். இந்த நோய் வராதவர்களும் எடுக்கிற ஒவ்வொரு ஆன்டிபயாடிக்கின் பெயர், தேதி, எதற்காக என்பதைக் குறித்து வையுங்கள், அட்டையைப் படம் எடுத்தாலே போதும். ஆன்டிபயாடிக் சாப்பிடும்போதோ முடித்த மூன்று மாதத்துக்குள்ளோ ஒரே நாளில் மூன்று முறையோ அதற்கு மேலோ தண்ணீராகப் போனால், போக்கை நிறுத்தும் மாத்திரையை நீங்களாக வாங்கிச் சாப்பிடாமல், மலப் பரிசோதனை வேண்டும் என்று மருத்துவரிடம் கேளுங்கள். வீட்டில் யாருக்காவது இது இருந்தால் கைகளைச் சோப்பும் தண்ணீரும் கொண்டு கழுவுங்கள். ஆல்கஹால் கலந்த கைத்திரவம் இந்தக் கிருமியின் வித்துகளைக் கொல்லாது.